வழுக் காணும் கலை

தமிழிலக்கணம் பயின்றோர் 'வழு' என்னும் சொல்லை நன்கு அறிவர். இலக்கண முறையினின்று பிறழ்ந்து வருவது வழு. பிறழாது வருவது வழாநிலை. பிறழ்ந்து வந்ததாயினும் தக்கதொரு காரணம் பற்றி ஏற்றுக்கொள்ளப்படுவது வழுவமைதி. இந்நாளில் கணிப்பொறித் துறையினர் ஆங்கிலத்தில் 'பக்' என்று வழங்கும் பிழைக்குத் தமிழில் வழு என்னும் பெயரையே சூட்டியிருக்கின்றனர். அப்பெயர் எவ்வளவு பொருத்தமானது என்பதையும், அத்தகைய வழுக்களை மனிதர் கண்கொண்டு தேடாமல் கணிப்பொறியைக் கொண்டே தேடும் கலையை வளர்த்தவர்களுள் ஒருவராகிய ஸ்ரீராம் ராஜாமணி என்னும் அறிஞரின் பணியையும் இன்று எடுத்துரைக்க விரும்புகிறேன்.

மாணவனுடைய கட்டுரையைத் திருத்தும் ஆசிரியர் இருவகைக் கேள்விகளை எழுப்பிக்கொள்கிறார். 'இக்கட்டுரை நல்ல கட்டுரையா?' என்பது ஒன்று. அதற்கு விடை கூறப் புலமை வேண்டும், சுவை வேண்டும், ஆசிரியருக்கு ஆசிரியர் விடை மாறவும் கூடும். 'எழுவாயும் பயனிலையும் இயைந்து நிற்கின்றனவா?' என்பது மற்றொன்று. 'அவன் வந்தாள்' என்று எழுதப்பட்டிருந்தால், கட்டுரையின் பொருள் யாதாயினும் அது வழுவே. அவன் யார், எங்கிருந்து வந்தான் என்பவற்றையெல்லாம் அறிய வேண்டுவதில்லை. விதி ஒன்று இருக்கிறது, அது மீறப்பட்டிருக்கிறது, அவ்வளவே. இவ்விரண்டாம் வகைக் கேள்வியை ஒரு பொறியிடம் ஒப்படைக்கலாம். இதனை நினைவில் இருத்திக்கொண்டால் நான் மேலே கூறப்போவது எளிதில் விளங்கும்.

கணிப்பொறி செய்ய வேண்டிய செயல்களை ஒன்றன்பின் ஒன்றாக வகுத்து எழுதிய ஆணைத்தொகுதிக்கு நிரல் என்று பெயர். நாம் கடிதம் எழுதவும், பணம் செலுத்தவும், படம் பார்க்கவும் பயன்படுத்தும் நிரல்கள் பல. இவை அனைத்தையும் தாங்கி நின்று, ஒவ்வொன்றுக்கும் உரிய பங்கை வழங்கும் தலைமை நிரலுக்கு இயங்குதளம் என்று பெயர். விண்டோஸ், லினக்ஸ், ஆண்ட்ராய்டு என்பன அத்தகையவை.

தாராபுரத்தில் வாழும் எனக்கு இதற்கு உவமையாக அமராவதிப் பாசனமே முன்வந்து நிற்கிறது. ஆறு ஒன்று, வாய்க்கால்கள் பல, வயல்கள் மிகப் பல. ஒவ்வொருவரும் தத்தம் விருப்பப்படி மதகைத் திறப்பாராயின் மேட்டு வயல் காயும். பள்ளத்து வயல் அழுகும். ஆதலின் மதகின் சாவி ஒருவர் கையில் இருக்கிறது. முறை வைத்து நீர் விடப்படுகிறது. இயங்குதளம் அந்த மதகுக் காவலரைப் போன்றது. உழவர் ஒருவர் தம் வயலில் பாத்தியைத் தவறாகக் கட்டினால் அவர் பயிர் மட்டுமே கெடும். அதுபோலச் சாதாரண நிரலில் வழு இருந்தால் அந்நிரல் மட்டுமே நிற்கும். மதகில் தவறு நேர்ந்தாலோ ஆயக்கட்டு முழுவதும் அல்லலுறும்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. கணிப்பொறியுடன் அச்சுப்பொறி, ஒலிபெருக்கி, வலையட்டை முதலிய எத்தனையோ கருவிகள் இணைக்கப்படுகின்றன. ஒவ்வொரு கருவியையும் இயக்குவதற்கு டிரைவர் எனப்படும் இயக்கி நிரல் ஒன்று வேண்டும். இதனை எழுதுபவர் பெரும்பாலும் இயங்குதளத்தை ஆக்கியவர் அல்லர். கருவியைச் செய்து விற்கும் வேறு நிறுவனத்தார். ஆயினும் அந்த இயக்கி நிரல்களுட் பல இயங்குதளத்தின் கருவறைக்குள்ளேயே நின்று, அதற்குரிய முழு அதிகாரத்தோடும் செயற்படுகின்றன. வெளியூரிலிருந்து வந்த பணியாளரை மதகின் அறைக்குள்ளேயே விட்டுவிட்டது போன்றது இது. அவர் செய்யும் பிழை ஆற்றையே பாதிக்கும். விண்டோஸ் எக்ஸ்பி இயங்குதளத்தில் பதிவான செயலிழப்புகளில் 100-க்கு 85 இயக்கி நிரல்களால் நேர்ந்தவை என்று 2003-ல் வெளிவந்த ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்று குறிப்பிட்டது. திடீரென்று நீலத் திரை தோன்றி, செய்த வேலையெல்லாம் அழிந்துபோன அந்நாளைய துன்பத்தைப் பலரும் மறந்திருக்கமாட்டார்கள். பழி இயங்குதளத்தின்மேல் விழுந்தது. பிழையோ பெரும்பாலும் வேறிடத்தில் இருந்தது.

இது பழங்கதை அன்று. 2024-ஆம் ஆண்டு ஜூலை 19-ஆம் நாள் உலகெங்கும் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணிப்பொறிகள் ஒரே வேளையில் செயலற்றுப் போயின. விமானங்கள் நின்றன, மருத்துவமனைகளிலும் வங்கிகளிலும் பணிகள் தடைப்பட்டன. நம் நாட்டு விமான நிலையங்களிலும் பயணச் சீட்டைக் கையால் எழுதிக் கொடுக்கும் நிலை வந்தது. கிரவுட்ஸ்டிரைக் என்னும் நிறுவனத்தின் பாதுகாப்பு நிரல், இயங்குதளத்தின் கருவறைக்குள் நின்று இயங்குவது. அதற்கு அன்று அனுப்பப்பட்ட புதிய தரவு, 21 கட்டங்கள் உண்டெனக் கருதி எழுதப்பட்டிருந்தது. உண்மையில் நிரப்பி அளிக்கப்பட்டவை 20 மட்டுமே. இல்லாத 21-ஆம் கட்டத்தைப் படிக்க முயன்றபோது எல்லாம் நின்றது. முன்னரே சோதனை செய்யவில்லையா எனின், செய்திருந்தனர். ஆனால் அச்சோதனைகளில் 21-ஆம் கட்டத்தில் எதுவும் இருக்கலாம் என்று விடப்பட்டிருந்தமையால், அதனைப் படித்துப் பார்க்க வேண்டிய தேவையே எழவில்லை. சோதனை தேறியது, நிரல் தவறியது.

சோதனையின் இயல்பே இத்தகையது. சில கேள்விகளைக் கேட்டு மாணவனைத் தேர்வு செய்கிறோம். கேட்காத கேள்விக்கு அவன் விடை அறிவானா என்பது நமக்குத் தெரியாது. நிரல்களில் இக்குறை பன்மடங்கு பெரிது. 32 இலக்க இருமை எண்கள் இரண்டை ஏற்கும் சிறியதொரு நிரலை எடுத்துக்கொள்வோம். அவ்விரண்டு எண்களும் கூடும் வகைகள் அனைத்தையும், நொடிக்கு 100 கோடி வீதம் சோதித்தாலும், முடிப்பதற்கு ஏறத்தாழ 585 ஆண்டுகள் ஆகும். ஆகவே சோதனையால் வழு இருப்பதைக் காட்டலாம். இல்லையென்று நிறுவுவது அரிது.

அப்படியானால் நிரலை ஓட்டிப் பாராமல், வடிவகணிதத் தேற்றத்தை நிறுவுவது போல, அதன் எழுத்தையே ஆராய்ந்து வழுவில்லை என்று நிறுவ முடியாதா? இவ்வாசை பழையது. ஆயினும் ஆலன் டூரிங் என்னும் ஆங்கிலேய அறிஞர் 1936-லேயே இதற்கு ஓர் எல்லை வகுத்துவிட்டார். எந்த நிரலைக் கொடுத்தாலும் அது முடிவுறுமா, முடிவுறாது ஓடிக்கொண்டே இருக்குமா என்று தவறாமல் விடை கூறும் பொதுமுறை ஒன்று இருக்க இயலாது என்பது அவர் நிறுவிய உண்மை. எல்லா நிரல்களுக்கும் இயலாது என்றால் எந்த நிரலுக்கும் இயலாது என்பது பொருளன்று. 1981-ஐ ஒட்டி அமெரிக்காவில் எட்மண்ட் கிளார்க், ஆலன் எமர்சன் என்போரும், பிரான்சில் ஜோசப் சிஃபாகிஸும் ஒரு வழி கண்டனர். ஒரு பொறி அடையக்கூடிய நிலைகள் எண்ணிக்கைக்கு உட்பட்டவையாயின், அவை அனைத்தையும் கணிப்பொறி தானே நடந்து பார்த்து விதி மீறப்படுகிறதா என்று கூறலாம் என்பதே அவ்வழி. அம்மூவரும் 2007-ஆம் ஆண்டிற்குரிய டூரிங் பரிசைப் பெற்றனர். மின்சுற்றுகளுக்கு இம்முறை நன்கு பயன்பட்டது. இலட்சக்கணக்கான வரிகளையுடைய நிரல்களுக்கோ, நிலைகளின் பெருக்கம் எல்லை கடந்து நின்றது. இந்த இடத்திற்றான் ராஜாமணியின் பணி தொடங்குகிறது.

ஸ்ரீராம் ராஜாமணி, 1794-ல் நில அளவைப் பள்ளியாகத் தோன்றி வளர்ந்த கிண்டிப் பொறியியற் கல்லூரியில் கணிப்பொறியியல் பயின்றவர். பின்னர் அமெரிக்கா சென்று வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தில் முதுநிலைப் பட்டமும், பெர்க்கிலியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டமும் பெற்றார். பெர்க்கிலியில் தாமஸ் ஹென்சிங்கர் முதலியோருடன் சேர்ந்து, நிலைகளை நடந்து பார்க்கும் 'மோக்கா' என்னும் கருவியை ஆக்குவதில் பங்கு கொண்டார். 1999-ல் மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். அங்கே நிரல்களின் எழுத்தை ஆராயும் துறையில் வல்லவரான தாமஸ் பால் என்பவருடன் நட்புக் கொண்டார். ஒருவர் நிலைகளை நடந்து பார்க்கும் கலை வல்லவர். மற்றவர் நிரலைப் படிக்கும் கலை வல்லவர். இருவரும் கூடித் தொடங்கிய முயற்சியே 'ஸ்லாம்' என்பது.

அவர்கள் 'இந்த இயக்கி நிரல் நல்லதா?' என்ற பெருங்கேள்வியைக் கேட்கவில்லை. இயங்குதளத்திற்கும் இயக்கி நிரலுக்கும் இடையே உள்ள நடைமுறை விதிகளை மட்டும் எடுத்துக்கொண்டனர். அவற்றுள் ஒன்று பூட்டு விதி. பலரும் பயன்படுத்தும் பொருளைத் தொடுமுன் அதற்குரிய பூட்டைக் கைக்கொள்ள வேண்டும். வேலை முடிந்ததும் விட்டுவிட வேண்டும். கையில் உள்ள பூட்டை மறுபடி கேட்கலாகாது. கையில் இல்லாததை விடலாகாது. எழுவாயும் பயனிலையும் இயைவது போன்ற விதி இது. ஆனால் எழுவாய் முதற் பக்கத்திலும் பயனிலை நூறாம் பக்கத்திலும் கிடந்தால் கண்ணால் இயைபு காண்பது எளிதா? அங்கேதான் பொறியின் பொறுமை வேண்டப்படுகிறது.

அம்முறையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். ஓர் அலுவலகத்தில் தபால் அறைக்கு ஒரே சாவி. பணியாளருக்கு நான்கு கட்டளைகள் எழுதித் தரப்பட்டுள்ளன. முதலாவது: சாவியை வாங்கு. இரண்டாவது: இதுவரை பட்டுவாடா செய்த கடிதங்களின் எண்ணிக்கையை ஒரு சீட்டிற் குறித்துக்கொள். மூன்றாவது: பெட்டியில் கடிதம் இருந்தால் ஒன்றை எடுத்துக்கொண்டு, சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கடிதத்தை உரியவரிடம் சேர்த்து, எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டு. நான்காவது: எண்ணிக்கை சீட்டிற் குறித்ததினின்று மாறியிருந்தால் முதற் கட்டளைக்குத் திரும்பு, மாறாதிருந்தால் சாவியைக் கொடுத்துவிட்டு நில்.

இக்கட்டளைகளில் சாவி விதி மீறப்படுமா? கடிதங்கள் பத்தாகவும் இருக்கலாம், பதினாயிரமாகவும் இருக்கலாம். ஒவ்வொன்றாகச் சோதிப்பது ஆகாது. ஸ்லாம் முதலில் எண்ணிக்கைகளையெல்லாம் மறந்துவிடுகிறது. சாவி கையில் உள்ளதா, இல்லையா என்ற ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு கட்டளைகளை நடந்து பார்க்கிறது. அவ்வாறு பார்க்கையில் ஒரு குற்றம் தென்படுகிறது. சாவியை வாங்கினார், பெட்டியில் கடிதம் இல்லை, முதற் கட்டளைக்குத் திரும்பினார், கையில் சாவி இருக்கவே மறுபடியும் சாவி கேட்டார்!

இதனை உடனே குற்றமென்று அறிவித்துவிடாமல், 'மெய்யான கட்டளைப்படி இவ்வழியில் நடக்க இயலுமா?' என்று அப்பொறி திரும்பி ஆராய்கிறது. கடிதம் இல்லையேல் எண்ணிக்கை மாறாது. எண்ணிக்கை மாறாவிடில் முதற் கட்டளைக்குத் திரும்புதல் இல்லை. ஆகவே கண்டது பொய்க்குற்றம். அப்பொய்யிலிருந்தே பொறி ஒரு பாடம் கற்றுக்கொள்கிறது: 'எண்ணிக்கையும் சீட்டிலுள்ளதும் ஒன்றா?' என்பதை இனிக் கவனிக்க வேண்டும். எண்ணிக்கை எத்தனை என்பது இப்போதும் தேவையில்லை. ஒன்றா, வேறா என்பது போதும். இப்புதிய செய்தியைச் சேர்த்துக்கொண்டு மறுமுறை நடக்கிறது. கடிதம் இருந்தால் சாவி திருப்பப்பட்டது, எண்ணிக்கை வேறு, எனவே திரும்பிச் செல்வது முறை. கடிதம் இல்லையேல் சாவி கையில் உள்ளது, எண்ணிக்கை ஒன்று, எனவே சாவியைக் கொடுத்து நிற்பது முறை. வேறு வழி இல்லை. கடிதங்கள் எத்தனை ஆயினும் விதி மீறப்படாது என்பது இவ்வாறு நிறுவப்படுகிறது.

தேவையற்றதை மறத்தல், மறந்ததனால் பிழைபடின் தேவையானதை மட்டும் நினைவுக்குக் கொண்டுவருதல் என்னும் இச்சுழற்சியே அம்முறையின் உயிர். டூரிங் வகுத்த எல்லை இங்கும் உண்டு. சில நிரல்களில் இச்சுழற்சி முடிவுறாமலே போகும். அப்போது பொறி 'எனக்குத் தெரியவில்லை' என்று நின்றுவிடும். தெரியாததைத் தெரிந்ததாகக் கூறுவதினும் இது மேலானதன்றோ?

சி மொழியில் எழுதிய நிரலை இவ்வாறு சுருக்கும் வழியை, அந்நாளில் மாணவராயிருந்த ரூபக் மஜும்தார், டாட் மில்ஸ்டீன் என்போருடன் சேர்ந்து எழுதி, 2001-ல் பாலும் ராஜாமணியும் வெளியிட்டனர். பத்தாண்டு கழித்து அக்கட்டுரை, அவ்வாண்டு மாநாட்டுக் கட்டுரைகளுள் மிகுந்த பயன் விளைத்தது என்று பரிசு பெற்றது. ஆனால் கட்டுரையோடு அவர்கள் நிற்கவில்லை என்பதே போற்றத்தக்கது. 'ஸ்டாட்டிக் டிரைவர் வெரிஃபையர்' என்னும் கருவியின் உள்ளே ஸ்லாம் பொருத்தப்பட்டது. 2006-ல் இயக்கி நிரல் எழுதும் வெளி நிறுவனத்தார்க்கும் அக்கருவி மைக்ரோசாப்டின் பணிக்கருவித் தொகுப்புடன் வழங்கப்பட்டது. எழுதியவரே தம் பிழையைத் தாமே முன்னதாகக் கண்டு திருத்திக்கொள்ள வழி பிறந்தது. 2011-ல் கணிப்பொறி வழிச் சரிபார்ப்புத் துறையின் 'காவ்' விருது பாலுக்கும் ராஜாமணிக்கும் அளிக்கப்பட்டது.

ஆராய்ச்சி மேசையிலிருந்து தொழிற்கூடத்திற்குச் செல்லும்போது பெருந்தடையாக நிற்பது பொய்க்குற்றமே. சரியான வாக்கியத்தின்மேல் சிவப்பு மையால் கோடிடும் ஆசிரியரை மாணவர் இரண்டு முறை பொறுப்பர். மூன்றாம் முறை அவர் இட்ட மெய்யான கோட்டையும் பொருட்படுத்தார். பொறியின் நிலையும் அதுவே. இலக்கணத்தார் வழுவையும் வழுவமைதியையும் பிரித்துணர்ந்தது போல, மீறலாகத் தோன்றுவதையும் மெய்யான மீறலையும் பிரித்துணர்தல் பொறிக்கும் வேண்டும். இதன் பொருட்டு ஆண்டுக்கணக்கில் உழைத்தனர். 2010-ல் வெளிவந்த ஸ்லாமின் இரண்டாம் வடிவம் பொய்க்குற்றங்களை 100-க்கு 4-க்கும் கீழாகக் குறைத்ததாக அறிவிக்கப்பட்டது.

2005-ல் மைக்ரோசாப்ட் பெங்களூரில் ஓர் ஆராய்ச்சி நிலையம் அமைத்தது. ராஜாமணி நாடு திரும்பி அங்கே பணியாற்றலானார். பின்னாளில் அந்நிலையத்தின் தலைமைப் பொறுப்பையும் ஏற்றார். அங்கே ஆதித்ய நோரி முதலியோருடன் அவர் தொடங்கியது 'யோகி' என்னும் ஆராய்ச்சி. சோதனை ஒரு பக்கம் வழுவைத் தேடும். நிறுவல் மறுபக்கம் வழுவின்மையைத் தேடும். ஒன்று தோற்ற இடத்தில் கிடைத்த செய்தி மற்றதற்கு விளக்காகும். பகைவர்போற் கருதப்பட்ட இரு முறைகளை இவ்வாறு ஒன்றுக்கொன்று துணையாக்கினர். 2015-ல் நிரல் மொழிக் கோட்பாட்டு வல்லுநர்களின் உலக மாநாடு மும்பையில் கூடியபோது அதன் பொதுத்தலைவராக இருந்தவரும் ராஜாமணியே.

இத்துறையில் வேறொரு நெறியும் உண்டு. ஸ்டான்போர்டுப் பல்கலைக்கழகத்தின் டாசன் எங்ளர் முதலில் இயங்குதளங்களைப் படைக்கும் ஆராய்ச்சியில் பெயர் பெற்றவர். 'வழுவின்மையை நிறுவ வேண்டா. இயன்ற அளவு வழுக்களை விரைவிற் காட்டுவோம்' என்பது அவர் கொள்கை. விதி எங்கும் எழுதப்படாதிருந்தால் என் செய்வது? நிரலிலேயே 99 இடங்களில் பூட்டைக் கொண்டபின் ஒரு பொருளைத் தொட்டிருக்க, ஓரிடத்தில் மட்டும் கொள்ளாமல் தொட்டிருந்தால், அந்த ஓரிடத்தை ஐயுறுக என்றார் 2001-ல். வழக்கைக் கண்டு இலக்கணம் வகுப்பது போன்றது இது. அவ்வாண்டு அவர் குழுவினர் லினக்ஸை ஆராய்ந்து, இயக்கி நிரல்களில் பிழையின் அளவு ஏனைய பகுதிகளைவிட 3 முதல் 7 மடங்கு வரை மிகுதி என்று காட்டினர். அந்நெறியிற் பிறந்த 'கவரிட்டி' என்னும் கருவி தொழில் உலகிற் பரவியது. ஒருவர் அனைத்தையும் நிறுவ முயன்றார். மற்றவர் மிகுதியாகக் கண்டறிய முயன்றார். இருவருக்கும் இடம் இருக்கிறது.

இவற்றால் நாம் அறிய வேண்டுவது யாது? பொறி விதியை மீறியவனைக் காட்டும், விதியை வகுக்காது. பூட்டை விட்டுவிட வேண்டும் என்பதை எண்ணி எழுதியவர் மனிதர். அவ்விதி எழுதப்படாதிருந்தால் எத்துணைப் பொறுமையுள்ள பொறியும் அவ்வழுவைக் காணாது கடந்து சென்றிருக்கும். 21 கட்டங்கள் கேட்பவருக்கு 21 கட்டங்களும் நிரம்பியிருக்க வேண்டும் என்பது எத்துணை எளிய விதி! எளியதென்று எழுதாமல் விடப்படுவனவே பெருங்கேடு விளைக்கின்றன.

இன்று நிரலை எழுதும் வேலையையே செயற்கை நுண்ணறிவுப் பொறிகள் செய்யத் தொடங்கியுள்ளன. நம் ஊர்களைச் சூழ்ந்து நிற்கும் காற்றாலைகளிலும், மருத்துவமனைக் கருவிகளிலும், கைப்பேசி வழியாகச் செல்லும் ஒவ்வொரு ரூபாயிலும் நிரல் இருக்கிறது. எழுதுவது எளிதாக எளிதாகச் சரிபார்ப்பதன் சுமை பெருகும். கொங்கு நாட்டுச் சிற்றூர்களிலிருந்து ஆண்டுதோறும் எண்ணற்ற பிள்ளைகள் கணிப்பொறியியல் பயிலச் செல்கின்றனர். நிரல் எழுதக் கற்றால் போதும் என்று பெற்றோர் எண்ணுகின்றனர். எழுதியது எந்த விதிக்கு உட்பட வேண்டும் என்று தெளிவாகச் சொல்லவும், அவ்விதிக்கு உட்பட்டதா என்று காரணம் காட்டி நிறுவவும் அவர்கள் கற்க வேண்டும். அதற்கு வேண்டிய பயிற்சியைக் கல்லூரி வரை தள்ளிவைக்க வேண்டுவதில்லை. எட்டாம் வகுப்பு வடிவகணிதத்தில், 'விடை என்ன?' என்று கேட்பதோடு நில்லாமல் 'எவ்வாறு அறிந்தாய்?' என்றும் கேட்டு, மாணவன் சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருக்கும் ஆசிரியரிடம் அது தொடங்குகிறது.